சும்மா இருக்கும் நிரலின் காலஞ்சென்ற பராமரிப்பாளர்

தான் செத்துப்போன செய்தியை எவாரிஸ்தோ கரிங்காலாவ் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, பிலிப்பைன்ஸின் சான் ஒனோஃப்ரே ஊரில் தான் வேலை பார்க்கும் குடிநீர் அலுவலகத்தில், வாயில் பாதி பான்டெசால் ரொட்டியோடு படித்தார். படித்ததும் மரியாதைக்காக எழுந்து நின்றார். யாருக்காக நிற்கிறோம் என்பது அரை நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. உட்கார்ந்து மிச்ச ரொட்டியைத் தின்றார்.

செய்தி டாமரின் இயங்குதளத்தின் முகப்புப் பக்கத்தில் கறுப்புக் கட்டம் போட்டு வந்திருந்தது. டாமரின் யாருக்கும் சொந்தமில்லாத சரக்கு. யார் வேண்டுமானாலும் எடுத்துக் கணினியில் போட்டுக்கொள்ளலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம். உலகம் பூராவும் சில நூறு பேர் சம்பளமில்லாமல் அதைப் பராமரிக்கிறார்கள். பெரிய வேலைகளைப் பெரிய ஆட்கள் எடுத்துக்கொண்டார்கள். எவாரிஸ்தோவிடம் இருந்தவை பதினொரு சில்லறை நிரல்கள். கோப்பில் எத்தனை வரி என்று எண்ணுவது ஒன்று, பத்தி பத்தியாக வெட்டித் தருவது ஒன்று, மாத நாள்காட்டியைத் திரையில் போடுவது ஒன்று. அந்தப் பதினொன்றில் அவருக்கு ரொம்பப் பிடித்தது ஸ்லீப். அதன் வேலை சும்மா இருப்பது. ஐந்து நொடி என்றால் ஐந்து நொடி சும்மா இருந்துவிட்டு, அடுத்த வேலைக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அவ்வளவுதான். அந்தச் சும்மா இருப்பதைப் பத்தொன்பது வருஷமாக அவர் கண்ணும் கருத்துமாகச் செப்பனிட்டு வந்தார்.

நடந்தது இதுதான். புயல் வந்தது. ஊரின் செல்போன் கோபுரம் விழுந்தது, கேபிள் போனது, எவாரிஸ்தோ வீட்டுக் கூரையின் பாதி பக்கத்து வாழைத்தோப்புக்குப் போனது, அவருடைய கணினியும் பர்ஸும் போனும் சேற்றுத் தண்ணீரில் போயின. தொண்ணூற்றேழு நாள் ஊரில் இணையம் இல்லை. டாமரினில் ஒரு விதி உண்டு: ஒரு பராமரிப்பாளர் மூன்று கடிதத்துக்குப் பதில் போடாமல் தொண்ணூறு நாள் போனால், அவரைக் ‘காணாதவர்’ என்று குறித்து நிரல்களை வேறு ஆளிடம் கொடுப்பார்கள். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. யாரோ ஒரு நல்ல மனசுக்காரர் கவலைப்பட்டு, மாகாணத்தின் புயல் பலிப் பட்டியலைத் தேடிப் பார்த்திருக்கிறார். அதில் ‘எ. கரிங்காலாவ், சான் ஒனோஃப்ரே, வயது 81’ என்று இருந்தது. சான் ஒனோஃப்ரேயில் கல்லை விட்டெறிந்தால் ஒரு கரிங்காலாவ் மேல்தான் விழும். இது அவர் தூரத்துச் சித்தப்பா எவுசெபியோ. எவாரிஸ்தோவுக்கு நாற்பத்துமூன்றுதான் ஆகிறது. ஆனால் அவருடைய கடிதங்களின் தோரணையை வைத்து எண்பத்தொன்று சரியாகத்தான் இருக்கும் என்று குழுவில் எல்லோரும் ஒப்புக்கொண்டார்களாம்.

அஞ்சலிகள் முந்நூற்றுப் பன்னிரண்டு இருந்தன. எவாரிஸ்தோ அன்றைக்கு ஒரு வேலையும் பார்க்கவில்லை. முழுதையும் படித்தார். பத்தொன்பது வருஷத்தில் ஒருத்தர்கூட நன்றி என்று ஒரு வரி எழுதியதில்லை. இப்போது போலந்திலிருந்து ஒருவர், அவருடைய வரி எண்ணும் நிரலை நினைத்துக் குளியலறையில் உட்கார்ந்து அழுததாக எழுதியிருந்தார். எல்லாவற்றிலும் நீளமான அஞ்சலி தாய்லாந்தின் சியாங் மாயிலிருந்து வந்திருந்தது. பிம்சனோக் என்கிற நொக் எழுதியது. அதை மட்டும் எவாரிஸ்தோ முதலிலிருந்து மறுபடி படித்தார். ஏனென்றால் அவரோடு அந்த அம்மாள் பதினொரு வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

சண்டை ஸ்லீப்பைப் பற்றியது. ஐந்து நொடி சும்மா இரு என்றால் இருக்கலாம். மைனஸ் ஐந்து நொடி சும்மா இரு என்று ஒருவன் சொன்னால் என்ன செய்வது? அப்படி ஒரு நேரமே கிடையாது, பிழை என்று சொல்லி நிறுத்த வேண்டும் என்பது எவாரிஸ்தோவின் கட்சி. ஐந்து நொடி முன்னாலேயே முடிந்துபோன காத்திருப்பு அது, அதனால் ஒன்றும் சொல்லாமல் உடனே வழிவிட வேண்டும் என்பது நொக்கின் கட்சி. பதினொரு வருஷத்தில் நானூறு கடிதத்துக்கு மேல் போயிருந்தது. இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து மனைவி கொன்ராதாவிடம் சொன்னார். கொன்ராதா ஊர்ச் சுகாதார நிலையத்தில் மருத்துவச்சி. புதுத் தகரக் கூரைக்கு அடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

“நான் செத்துட்டேன்.”

“எப்போ?”

“ஏழு நாள் ஆச்சாம்.”

“அதான் திங்கக்கிழமை குப்பையை வெளியே வைக்கலியா?” என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துக் கத்தியைக் கீழே வைத்தாள். “என்ன ரிஸ்தோ, நிஜமாவே வருத்தமா இருக்கியே. எழுதிப் போடு, உயிரோட இருக்கேன்னு. ஒரு வரி போதுமே.”

ஒரு வரி போதவில்லை. மறுநாள் எழுதினார். நம்பிக்கைக் குழு என்று டாமரினில் ஒரு குழு இருக்கிறது. யார் யாராக இருக்கிறார்கள் என்பதைத் தீர்மானிப்பது அவர்கள் வேலை. அவர்களிடமிருந்து மிகக் கனிவான பதில் வந்தது.

‘தங்கள் கடிதம் கிடைத்தது. ஒரு பராமரிப்பாளர் மறைந்தவுடன் அவர் பெயரில் நுழைந்து நிரல்களைக் கைப்பற்றப் பார்க்கும் ஆட்கள் இருப்பது எங்களுக்குத் தெரியும். இந்த வாரத்தில் தாங்கள் மூன்றாவது எவாரிஸ்தோ. முதலாமவருடைய ஆங்கிலம் தங்களுடையதைவிட நன்றாக இருந்தது. இரண்டாமவர் மறைந்தவரின் கோபத்தைக்கூட அப்படியே கொண்டுவந்திருந்தார். தாங்கள் அந்த அளவுக்கு முயற்சி எடுக்கவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.’

நிஜ எவாரிஸ்தோ என்று நிரூபிக்க ஒரே வழி அவருடைய கையெழுத்துச் சாவி. கணினியில் இருக்கும் ஒரு நீண்ட ரகசிய எண் அது. அதைக் கொண்டு முத்திரை வைத்தால் கடிதம் அவருடையதுதான் என்று ஆகும். சாவி கணினியோடு சேற்றில் போய்விட்டது. பிரதி ஒன்று பென்டிரைவில், பென்சில்பெட்டிக்குள் இருந்தது. பென்சில்பெட்டி வாழைத்தோப்பில் எங்கோ இருந்தது. கிடைத்தாலும் பயனில்லை. இறந்தவரின் சாவியைக் குழு ஏற்கெனவே ரத்து செய்துவிட்டது.

எவாரிஸ்தோ ரெண்டு நாள் முறைத்துக்கொண்டு இருந்தார். மூன்றாம் நாள் ஒரு புகார் கண்ணில் பட்டது. வியட்நாமில் டா லாட் பக்கத்திலிருந்து ஒரு கோழிப்பண்ணைக்காரர் எழுதியிருந்தார். அவர் கூண்டுக் கதவை மூடும் மோட்டார் ஏழரை நொடி ஓட வேண்டும். அந்த நாட்டில் ஏழரையைப் புள்ளி வைத்து எழுத மாட்டார்கள், கமா வைத்துத்தான் எழுதுவார்கள். ஸ்லீப் கமாவைக் கண்டதும் அதற்கப்பால் படிக்காமல் ஏழு நொடியிலேயே முடித்துவிடும். மீதி அரை நொடிக்கு மூடாமல் நின்ற கதவிடுக்கு வழியாகக் கோழிகள் ஒவ்வொன்றாக வெளியே போய், பக்கத்துத் தோட்டத்து முட்டைக்கோஸைத் தின்றுகொண்டிருந்தன. புகார் மூன்று மாதப் பழசு. யாரும் தொடவில்லை. எவாரிஸ்தோவின் நினைவைப் போற்றி அவருடைய பதினொரு நிரல்களையும் ஒரு வருஷத்துக்கு மாற்றாமல் வைப்பது என்று தீர்மானம் போட்டிருந்தார்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், மறைந்தவரின் மனப்போக்குக்கு ஒத்ததா என்று நொக் பார்த்து அனுமதிக்க வேண்டும்.

நான்கு வரித் திருத்தம். எவாரிஸ்தோ மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுதி முடித்துவிட்டார். அனுப்புவதற்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. யோசிக்காமல் ‘கொன்ராதா கரிங்காலாவ்’ என்று போட்டார்.

நொக்கின் பதில் மறுநாளே வந்தது. ‘முயற்சிக்கு நன்றி. ஆனால் எவாரிஸ்தோ இப்படி எழுதியிருக்க மாட்டார்.’

அவர் திருத்தி அனுப்பினார். ‘நெருங்கி வருகிறீர்கள். ஆனால் அவருடைய கைவாகு இதில் இல்லை.’

மூன்றாம் தடவை, பத்து வருஷத்துக்கு முன் தான் எழுதிய நிரலிலிருந்தே நான்கு வரியை எடுத்து அப்படியே அனுப்பினார். ‘இது அவரைக் கேலி செய்வதுபோல் இருக்கிறது,’ என்று நொக் எழுதினார்.

ஏழாவது தடவை மறுப்பு வந்தபோது எவாரிஸ்தோ பொறுமை இழந்தார். மறைந்தவருக்கு இதெல்லாம் ஒரு பொருட்டாகவே இருந்திருக்காது, கோழி வெளியே போகாமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்திருப்பார் என்று எழுதினார். அதற்கு நொக் ஒரு பக்கம் பதில் எழுதினார். அதில் ஒரு வரியில் எவாரிஸ்தோ அப்படியே நின்றுவிட்டார். ‘உதாரணமாக, மைனஸ் ஐந்து நொடி விஷயத்தில் அவர் சொன்னதுதான் சரி என்று இப்போது நான் நினைக்கிறேன். அது பிழைதான். அவர் இருந்தபோது சொல்லியிருக்க வேண்டும்.’

பதினொரு வருஷம்! ஜெயித்துவிட்டார். நாற்காலியிலிருந்து எழுந்து ஜன்னல் வரைக்கும் நடந்தார். வெளியே தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். ஆனால் சொல்ல ஆளில்லை. கொஞ்ச நேரத்தில் சிரிப்பும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்த அம்மாளின் கட்சியிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்று போன வருஷத்திலிருந்தே அவருக்கு உள்ளுக்குள் தோன்றிக்கொண்டிருந்தது.

கடிதத்தின் கடைசியில் நொக் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: ‘நீங்களும் கரிங்காலாவ்தானே? அவருக்கு உறவா?’

பதறிப்போய் எவாரிஸ்தோ உண்மையைச் சொல்லிவிட்டார். கொன்ராதா அவருடைய மனைவி.

அவ்வளவுதான், டாமரின் முழுக்கச் செய்தி பரவியது. கணவனை இழந்த மருத்துவச்சி, அவர் விட்டுப்போன நிரலைக் கண்ணீரோடு படித்துப் படித்துக் கற்றுக்கொண்டு, கோழிகளுக்காக ஏழு தடவை திருத்தம் அனுப்பியிருக்கிறாள்! அந்த அம்மாளை ஏழு தடவை திருப்பி அனுப்பியதற்காக நொக்கை ஆளாளுக்குத் திட்டினார்கள். நொக் மன்னிப்புக் கேட்டு, குழு செய்துவைத்திருக்கும் நினைவுப் பலகையைத் தானே நேரில் கொண்டுவந்து தருவதாக எழுதினார். வரும் சனிக்கிழமை.

“நான் எப்போ நிரல் எழுதினேன்?” என்றாள் கொன்ராதா. இடுப்பில் கை வைத்திருந்தாள். “என் பேரைப் போட்டுக்கிட்டு என்னென்ன எழுதித் தொலைச்சிருக்கே?”

“நல்லதாத்தான் எழுதியிருக்கேன். எல்லாரும் உன்னைப் புகழ்றாங்க.”

“புருஷன் செத்ததுக்கா?”

“வர்ற அம்மா நம்பிக்கைக் குழுவில ஒரு ஆள். நேர்ல பார்த்தா எல்லாம் தீர்ந்துபோயிடும். நான்தான் நான்னு கண்ணால பார்த்துக்கட்டுமே.”

சனிக்கிழமை பதினொன்றரைக்கு நொக் வந்தார். மணிலாவில் விமானம் மாறி, இலோய்லோவிலிருந்து ஜீப்னி வண்டி பிடித்து, ஐம்பது வயதுக்காரர், மடியில் வெண்கலப் பலகையை அணைத்துக்கொண்டு வந்தார். கறுப்புச் சட்டை. வாசல் கதவைத் திறந்த எவாரிஸ்தோவைப் பார்த்துக் கைகூப்பினார்.

“அண்ணனோட மறைவுக்கு ரொம்ப வருத்தப்படுறேன்,” என்றார். “நீங்க தம்பியா?”

“நான்தாங்க எவாரிஸ்தோ.”

நொக் அவரையே பார்த்தார். பின்னால் வந்து நின்ற கொன்ராதாவைப் பார்த்தார். பிறகு கொன்ராதாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, “அம்மா, தனியா இருக்கிற பொம்பளைகிட்ட இந்த மாதிரி ஆட்கள் வருவாங்க. இவரை உங்களுக்கு எவ்வளவு நாளா தெரியும்?” என்று கேட்டார்.

“பதினேழு வருஷமா,” என்றாள் கொன்ராதா. “இன்னும் சரியாத் தெரியல. முதல்ல சாப்பிடுங்க.”

துவரையும் பன்றிக்கறியும் பலாக்காயும் போட்ட குழம்பு. நொக் மூன்று தட்டு சாப்பிட்டார். சாப்பிடச் சாப்பிட அவருக்குச் சந்தேகம் குறைந்தது, ஆனால் விதி குறையவில்லை. அவர் நல்ல மனசுக்காரர், அதே சமயம் குழுவின் விதிகளைப் பாதிக்கு மேல் எழுதியவரும் அவர்தான்.

“நான் நம்புறேனா இல்லையாங்கிறது வேற. அரசாங்கக் காகிதம் ஒண்ணு வேணும். அதைக் குழுவைச் சேர்ந்த ரெண்டு பேர் நேர்ல பார்த்து முத்திரை வைக்கணும். ஒரு ஆள் நான் இருக்கேன். இன்னொருத்தர் ஆஸ்திரேலியாவுல ஹோபார்ட்டுல இருக்கார், அவர் விமானம் ஏற மாட்டார், அதை அப்புறம் பார்ப்போம். காகிதம் காட்டுங்க.”

எவாரிஸ்தோவின் காகிதங்கள் எல்லாம் பர்ஸோடு போயிருந்தன. புயலுக்கு அப்புறம் புதிதாக விண்ணப்பித்து வாங்கிய பிறப்புச் சான்று மட்டும் இருந்தது. உறைகூடப் பிரிக்காமல் அலமாரியில் கிடந்தது. எடுத்துக் கொடுத்தார். நொக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

“எவாரிஸ்தா. பெண்.”

“எங்கே?”

“இங்கே. ரெண்டு இடத்துல போட்டிருக்கு.”

நாற்பத்துமூன்று வருஷத்துக்கு முன் எந்த எழுத்தரோ தட்டச்சில் ஓர் எழுத்தை மாற்றி அடித்திருக்கிறார். பெயர் பெண் பெயராகிவிட்டதே என்று, அதற்குப் பொருத்தமாக அடுத்த கட்டத்தையும் நிரப்பிவிட்டார். கொன்ராதா எட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“இருபது வருஷமா பிறப்புப் படிவம் எழுதுறேன். ஒரு தடவைகூட இப்படி எழுதினதில்ல! நான் கல்யாணம் பண்ணிக்கிட்டது செல்லுமா?”

“சிரிக்காதே.”

“எவாரிஸ்தா, தண்ணி எடுத்துக் குடு.”

வேறு வழியில்லாமல் மூன்று பேரும் பாரங்காய் என்னும் ஊர் வட்டாரத்தின் அலுவலகத்துக்கு நடந்தார்கள். அந்த வட்டாரத்துக்குத் தலைவர் கேப்டன் மொதெஸ்தோ, அவரும் கரிங்காலாவ்தான். சனிக்கிழமையானாலும் அலுவலகம் திறந்திருந்தது, ஏனென்றால் அதன் மின்விசிறி அவர் வீட்டு மின்விசிறியைவிட நன்றாகச் சுற்றும். கணினி முன்னால் செயலாளர் மனாங் புரிதா, அதாவது புரிதா அக்கா, உட்கார்ந்திருந்தார்.

“ஒரு சான்று வேணும் கேப்,” என்றார் எவாரிஸ்தோ. “நான் உயிரோட இருக்கேன்னு.”

“இதென்ன பெரிய விஷயம்? புரிதா, போட்டுக் குடு.”

மனாங் புரிதா கணினியில் தேடினார். “குடியிருப்புச் சான்று இருக்கு. நன்னடத்தைச் சான்று இருக்கு. வறுமைச் சான்று, அடக்கச் செலவுக்கான இறப்புச் சான்று, நாய் வளர்ப்புச் சான்று. உயிரோட இருக்கிற சான்றுக்குப் படிவம் இல்ல கேப்.”

“குடியிருக்கார்னு குடுத்தா போதாதா? குடியிருக்கிறவர் உயிரோட இருக்க வேண்டாமா?” என்று கேட்டார் எவாரிஸ்தோ.

“அப்படிச் சொல்லிட முடியாது அண்ணே,” என்றார் புரிதா தயக்கத்தோடு. “போன வாக்காளர் பட்டியல்ல நம்ம பாரங்காயில செத்தவங்க பதினாலு பேர் குடியிருந்தாங்க.”

கேப்டன் இருமினார். நொக் பக்கம் திரும்பி, “இந்த மனுஷனை எனக்குச் சின்ன வயசிலேர்ந்து தெரியும்மா. இவன் அவன்தான். நீங்க என்ன சந்தேகப்படுறீங்க?” என்றார்.

நொக் எதையோ முடிவு செய்தவர்போல் பலகையை மேசைமேல் வைத்தார். எவாரிஸ்தோவை நேராகப் பார்த்துச் சாதாரணமாகச் சொன்னார்: “ஒரு விஷயம் மட்டும் எனக்கு ஆறுதல். மைனஸ் அஞ்சு நொடி விஷயத்துல, எவாரிஸ்தோ 2016ல நான் சொன்னதுதான் சரின்னு ஒத்துக்கிட்டார். அது நல்லபடியா முடிஞ்சுது.”

எவாரிஸ்தோவின் காதுமடல் சிவந்தது.

“யார் ஒத்துக்கிட்டா?”

“அவர்தான்.”

“எப்போ ஒத்துக்கிட்டேன்? 2016 மார்ச்சுல நான் எழுதினது என்ன? ‘சகோதரி நொக் சொல்வது வேறொரு உலகத்தில் சரியாக இருக்கலாம்’னு எழுதினேன். அது ஒத்துக்கிறதா? அதுக்கு நீங்க என்ன எழுதினீங்க? எந்த உலகம்னு விளக்கச் சொல்லி ஒன்பது கேள்வி கேட்டீங்க. ஒன்பதுக்கும் பதில் போட்டேன். ஆறாவது பதிலை இன்னிக்கு வரைக்கும் நீங்க படிக்கல!”

“ஆறாவது பதில்ல ஒண்ணுமே இல்ல!”

“படிக்காம எப்படித் தெரியும்?”

“படிச்சுட்டுத்தான் சொல்றேன்! முடிஞ்சுபோன காத்திருப்பை எதுக்குப் பிழைன்னு சொல்லணும்?”

“தொடங்கவே தொடங்காதது எப்படிம்மா முடியும்?”

சத்தம் கேட்டு வெளியே சீட்டு விளையாடிக்கொண்டிருந்தவர்கள் உள்ளே வந்தார்கள். மீன்கூடையோடு போன ஒரு பெண்மணியும் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்து நின்றார். என்ன தகராறு, நிலமா என்று கேட்டார்கள். கேப்டன் தனக்குப் புரிந்த அளவில் எடுத்துச் சொன்னார்: அஞ்சு நொடிக்கு அப்புறம் எழுப்பு என்றால் எழுப்பலாம், அஞ்சு நொடிக்கு முன்னாடி எழுப்பு என்று இப்போது வந்து சொன்னால் என்ன பண்ணுவது?

“உடனே எழுப்பிட வேண்டியதுதான். நேரமாச்சுல்ல,” என்றார் மீன்காரம்மா.

“அதேதான்!” என்றார் நொக்.

“சொன்னவனைப் போய் எழுப்பணும். அவன்தான் தூக்கத்துல உளர்றான்,” என்றார் சீட்டாட்டக்காரர் ஒருவர்.

“பார்த்தீங்களா!” என்றார் எவாரிஸ்தோ.

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தது. மனாங் புரிதா முதலில் நடுநிலையாக இருந்துவிட்டு, பிறகு நொக் பக்கம் போனார். கொன்ராதா, பதினேழு வருஷத்தில் ஒருநாளும் இதைக் காதுகொடுத்துக் கேட்காதவள், “இதுக்காகவா ரிஸ்தோ நீ ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வரமாட்டேங்குறே?” என்று கேட்டாள்.

கடைசியில் எவாரிஸ்தோ மூச்சுவாங்கி நின்றார். நொக் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுகிறாரா வேர்க்கிறதா என்று சொல்ல முடியவில்லை.

“இவர்தான்,” என்றார். “இவ்வளவு மோசமா வாதாடுறவர் உலகத்துல ரெண்டு பேர் இருக்க முடியாது.” பிறகு, இன்னும் கோபம் தணியாமல், “உங்க ஞாபகார்த்தமா என் கட்சியை விட்டுக்குடுத்தேன். அதைத் திரும்ப எடுத்துக்கிறேன்,” என்றார்.

“எடுத்துக்குங்க,” என்றார் எவாரிஸ்தோ. அவருக்குச் சட்டென்று உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. “அதுல கொஞ்சம் நியாயம் இருக்கு. கொஞ்சம்தான்.”

கேப்டன் மொதெஸ்தோ இதற்குள் தான் சொல்லச் சொல்ல மனாங் புரிதாவைக் கொண்டு ஒரு சான்றைத் தட்டச்சு செய்ய வைத்திருந்தார். பாரங்காயின் முத்திரை குத்தி நொக்கிடம் கொடுத்தார். ‘இதன்மூலம் சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரிவிப்பது என்னவென்றால், மேற்படி நபர் இன்று பிற்பகல் இரண்டு மணி நாற்பது நிமிடத்துக்கு என் முன்னிலையில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.’

நொக் அதைப் படம் எடுத்துக் குழுவுக்கு அனுப்பினார். குழு மூன்று வாரம் விவாதித்தது. ஒரு மனிதர் சத்தம் போட்டார் என்பது நிரூபணமாகிறது, யார் என்பது ஆகவில்லை என்றார்கள். ஹோபார்ட்காரர் விமானம் ஏறவில்லை. இன்னொரு சிக்கலும் வந்தது. டாமரினின் உறுப்பினர் பதிவேட்டில் ‘இருப்பவர்’ என்பதை ‘மறைந்தவர்’ என்று மாற்றலாம். மறைந்தவரைத் திருப்பி மாற்ற வழியில்லை. அப்படி ஒரு தேவை வரும் என்று அதை எழுதியவருக்குத் தோன்றவில்லை. அதை எழுதியவர் யார் என்று பார்த்தபோது, பதிவேட்டுக்கென்று ஒரு பராமரிப்பாளரே நாலு வருஷமாக இல்லை என்பது தெரியவந்தது.

ஆகவே நொக் ஒரு யோசனை சொன்னார். மறைந்தவர் மறைந்தவராகவே இருக்கட்டும். அவருடைய நிரல்களுக்கு வாரிசாக, சான் ஒனோஃப்ரேயைச் சேர்ந்த எவாரிஸ்தா கரிங்காலாவ் என்கிற பெண்மணியைப் புதுப் பராமரிப்பாளராக எடுத்துக்கொள்ளலாம். அரசாங்கக் காகிதம் சுத்தமாக இருக்கிறது. புதியவர்களுக்கு ஒரு உறுப்பினர் முத்திரையே போதும். ஒரு வருஷம் நொக்கின் மேற்பார்வையில் பயிற்சி. குழு உடனே ஒப்புக்கொண்டது. ஒருவர், பெண்கள் அதிகம் வருவது மகிழ்ச்சி என்றும் எழுதியிருந்தார்.

கோழிக்கான நான்கு வரி அந்த வாரமே சேர்ந்தது. டா லாட்காரர் நன்றி எழுதவில்லை. முட்டைக்கோஸ்காரர் எழுதினார்.

புதிய பராமரிப்பாளர்களுக்கு ஒரு நுழைவுத் தேர்வு உண்டு, இருபது கேள்வி, டாமரினின் வரலாற்றைப் பற்றி. எவாரிஸ்தோ அலுவலகத்தில் மதிய நேரத்தில் உட்கார்ந்து எழுதினார். பதினான்காவது கேள்வி: ‘காலஞ்சென்ற எ. கரிங்காலாவ் எந்த ஆண்டில் நம்மோடு சேர்ந்தார்?’ அவர் 2005 என்று போட்டார். தவறு என்று வந்தது. பதிவேட்டில் 2006 என்று இருந்தது.

நொக்குக்கு எழுதிக் கேட்டார். டிசம்பர் கடைசியில் சேர்ந்தேன், எனக்குத் தெரியாதா?

‘இதில் நான் ஒன்றும் செய்வதற்கில்லை,’ என்று பதில் வந்தது. ‘பதினைந்து மதிப்பெண் இருக்கிறது, தேறிவிட்டீர்கள். வேண்டுமானால் பதிவேட்டை யாராவது எடுத்துப் பராமரித்து அதைச் சரிசெய்யலாம். ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.’

எவாரிஸ்தோ அதை இரண்டு தரம் படித்தார். வெளியே யாரோ மீட்டர் பழுது என்று கூப்பிட்டார்கள். இதோ வருகிறேன் என்று குரல் கொடுத்தார். பிறகு பதிவேட்டின் நிரலைத் திறந்து முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். ரொம்ப மோசமாக எழுதியிருந்தார்கள்.